தக்காளி ஊசிப்புழு: பெயருக்குமுன் சான்று வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் தோட்டப் பகுதியில் அண்மையில் வெளிவந்த தக்காளிப் பூச்சி பற்றிய குறிப்பைக் கவனத்துடன் படித்தேன். தென் ஆப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடகரையில், வெருலம், டோங்காட் பக்கங்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் சில பருவங்களாகவே தக்காளி இலை வெளுத்துக் கருகுவதைச் சொல்லி வருகிறார்கள். அதைப் பொருட்படுத்தி எழுதியமைக்கு என் நன்றி. ஆனால் அக்குறிப்பு, தோட்டக்காரர் ஒருவர் அனுப்பிய ஒரே படத்தை வைத்துக்கொண்டு, வந்திருப்பது தென் அமெரிக்காவிலிருந்து புதிதாக நுழைந்த தக்காளி ஊசிப்புழு என்னும் சிறு அந்துப்பூச்சியின் புழுதான் என்று முடிவு கட்டி, உடனே மருந்து தெளிக்கும்படியும் சொல்லிவிட்டது. அச்சிட்ட படத்தில் தெரிவதோ அந்துப்பூச்சியின் வேலையே அன்று. இலையின் மேற்பரப்பில் மெல்லிய வெள்ளைக் கோடாக வளைந்து வளைந்து ஓடும் அந்தத் தடம், லிரியோமைசா என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிறு ஈயின் புழு இலைத்தோலுக்கு அடியில் தின்றுகொண்டே சென்ற வழி.

இந்தப் பிழை சிறியதாகத் தோன்றலாம், விளைவு சிறியதன்று. லிரியோமைசா ஈக்களைப் பெரும்பாலும் அடக்கி வைத்திருப்பவை, அவற்றின் புழுக்களுக்குள் முட்டையிடும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள். எல்லாப் பூச்சிகளையும் ஒருசேரக் கொல்லும் மருந்தைத் தெளித்தால் முதலில் அழிவன அந்தக் குளவிகளே. இலைக்குள் பதுங்கியிருக்கும் ஈப்புழுக்களோ பெரும்பாலும் தப்பிவிடும். பின்பு ஈக்கள் முன்னைவிடப் பெருகும். எனவே தங்கள் குறிப்பைப் படித்து நல்லெண்ணத்துடன் மருந்து வாங்கிய ஒருவர், இல்லாத அந்தை விரட்டப் போய், இருக்கும் ஈக்கு இடம் கொடுத்தவர் ஆவார்.

இரண்டையும் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் போதும். ஈப்புழுவின் தடம் குறுகியது, தொடக்கத்தில் மிக மெல்லியதாய் இருந்து புழு வளர வளரச் சற்றே அகலும். அதன் எச்சம் தடத்தினூடே கரும்புள்ளிகளாகவோ கோடாகவோ தொடர்ந்து கிடக்கும். தக்காளி ஊசிப்புழுவோ இலையின் மேல்தோலையும் கீழ்த்தோலையும் விட்டுவிட்டு நடுவிலுள்ள பசுமையை ஒழுங்கற்ற திட்டாக, அகலமாகத் தின்றுவிடும். அந்தத் திட்டு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ நிற்கும், கறுத்த எச்சம் அதன் ஒரு பக்கத்தில் குவிந்திருக்கும். திட்டை நகத்தால் மெல்லக் கீறி உள்ளே இருப்பதை வெளியே எடுத்தால் ஐயம் இன்னும் குறையும். தலையும் கால்களும் இல்லாத மஞ்சள் நிறப் புழு என்றால் அது ஈயினது. பழுப்புத் தலையும் மூன்று இணைக் கால்களும், வயிற்றின் அடியில் போலிக் கால்களும் உடையதென்றால் அது அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்தது. மேலும், இந்த ஈ காயைத் துளைப்பதில்லை. ஊசிப்புழுவோ காம்பையும் தளிரையும் துளைத்து, காயின் மேல்முனையில் புல்லி இதழ்களின் அடியில் ஊசி குத்தியது போன்ற துளை வழியே உள்ளே செல்லும். அதே காயில் பெரிய துளையும் அருகே தடித்த புழுவும் கண்டால், அது வெகுகாலமாக நம்மிடையே உள்ள காய்த்துளைப்பான். அதைப் பார்த்துவிட்டும் ஊசிப்புழு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனை பார்த்த பிறகும், அந்துப்பூச்சி என்பது உறுதியானாலும், எந்த அந்து என்ற கேள்வி மிஞ்சுகிறது. இங்கேதான் நான் பெரிதும் வற்புறுத்த விரும்புவது இருக்கிறது. வளர்ந்த ஊசிப்புழு அந்தின் உடல் 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளமே. இறகை விரித்தால் ஒரு சென்டிமீட்டர் அளவு வரும். வெள்ளி கலந்த சாம்பல் நிற முன்னிறகில் கருநிறப் புள்ளிகள், வெளிர்நிறமும் கருநிறமும் மாறி மாறி வரும் உணர்கொம்புகள், முகத்துக்கு முன்னே மேல்நோக்கி வளைந்து நிற்கும் உணர்விகள், நீண்ட மயிர்விளிம்பு கொண்ட ஒடுங்கிய பின்னிறகு ஆகியவற்றை நூல்கள் சொல்கின்றன. ஆனால் இவற்றுள் பெரும்பான்மை கெலிச்சியிடே என்னும் அந்தக் குடும்பத்துக்கே பொதுவானவை, அக்குடும்பத்தில் தென் ஆப்பிரிக்காவுக்கே உரிய சிற்றினங்களும் மிகப் பல உண்டு. தக்காளிச் செடியிலேயே காணக்கூடிய நெருங்கிய உறவும் ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்கு அந்துப்பூச்சி எனப்படும் அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் நெடுங்காலத்துக்கு முன்பே இந்நாட்டில் நிலைத்துவிட்டது. கிழங்கை மட்டுமன்றித் தக்காளி, கத்தரி, புகையிலை இலைகளையும் அது துளைக்கும். புழுப்பருவத்தில் இரண்டையும் ஓரளவு பிரிக்கலாம்: உருளைக்கிழங்கு அந்தின் புழுவுக்குத் தலைக்கு அடுத்துள்ள கழுத்துத் தகடு முழுவதும் கருமையாக இருக்கும், ஊசிப்புழுவுக்கு அந்தத் தகட்டின் பின்னோரத்தில் மட்டும் குறுகிய கரும்பட்டை ஒன்று காணப்படும். நல்ல கைவில்லை இருந்தால் இதைப் பார்த்துவிடலாம். வளர்ந்த அந்தைப் பொறுத்தவரை, ஆணின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோ, மரபணுப் பகுதியை ஒப்பிட்டோ அன்றி யாரும் உறுதி கூற இயலாது. வயிற்றுப் பகுதியைப் பிரித்து, காரக் கரைசலில் இளக்கி, சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கும் அந்த வேலைக்குப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் எந்த நாட்டிலும் மிகக் குறைவு.

ஊசிப்புழு அந்துக்கு முதன்முதலில் பெயரிட்டவர் எட்வர்ட் மெய்ரிக் என்னும் இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர். பெரு நாட்டின் வான்காயோ என்னும் மலையூரிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு 1917இல் அதற்கு அப்சொலூட்டா என்று பெயர் வைத்து, ஃப்தோரிமியா பேரினத்தில் சேர்த்தார். அதன்பின் வந்த ஆய்வாளர்கள் அதைப் பல பேரினங்களுக்கு மாற்றினார்கள். 1994இல் தூட்டா என்ற பேரினத்துக்குப் போனது, அந்தப் பெயரில்தான் உலகெங்கும் அறியப்பட்டது. 2021இல் மீண்டும் மெய்ரிக் வைத்த பேரினத்துக்கே திரும்பியது. இத்தனை மாற்றத்துக்கு இடையிலும் குழப்பம் வராததற்குக் காரணம், மெய்ரிக்கின் மாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் குறிச்சீட்டோடு பாதுகாக்கப்பட்டிருப்பதுதான். ஐயம் எழுந்தபோதெல்லாம் திரும்பிச் சென்று பார்க்க ஒரு பொருள் இருந்தது. ஒரு பள்ளி ஆசிரியர் ஓய்வு நேரத்தில் செய்த பணி ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் நிற்கிறது என்பது, வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு மிகுந்த மன நிறைவைத் தருகிறது.

2006இல் ஸ்பெயினின் காஸ்டெல்லோன் பகுதியில் இப்பூச்சி காணப்பட்டதிலிருந்து அதன் பயணம் வேகமெடுத்தது. மத்தியதரைக் கடலைக் கடந்து வட ஆப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து படிப்படியாகத் தெற்கே கென்யா, தான்சானியா வரைக்கும் இறங்கியது. 2014இல் இந்தியாவில் மகாராட்டிரத்தில் பதிவானது. 2016இல் தென் ஆப்பிரிக்காவில், ம்புமலாங்கா மாகாணத்தில், பெண் அந்தின் மணத்தைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் சிக்கிய ஆண் அந்துகளிலிருந்து முதன்முறையாக அடையாளம் காணப்பட்டது. பழப்பெட்டிகளிலும் நாற்றுகளிலும் ஒளிந்து செல்லும் இச்சிறு உயிர் எந்த மாதத்தில் எந்த ஊரில் இருந்தது என்று நாம் அறிவது, யாரோ சிலர் பொறி வைத்து, பிடித்ததைப் பாதுகாத்து, சரியான பெயரைத் தேடிப் பெற்று, எழுதி வைத்ததனால்தான். வெருலத்தில் இருக்கிறதா, ஸ்டேங்கரில் இருக்கிறதா, எப்போதிலிருந்து இருக்கிறது என்ற கேள்விகளுக்கும் அதே முறையில்தான் விடை கிடைக்க வேண்டும். தங்கள் குறிப்பில் வந்ததைப் போன்ற செய்தி நாளை யாரேனும் ஓர் ஆய்வாளரால் முதல் பதிவாக எடுத்தாளப்பட்டால், அந்தத் தவறான நாளும் இடமும் ஏட்டிலிருந்து எளிதில் அகலா.

பதிவு செய்வது எப்படி என்று தோட்டக்காரர்கள் என்னிடம் கேட்பதுண்டு. என்னைப் பொறுத்தவரை, பறக்கும் அந்தைத் துரத்துவதைவிட இலையிலிருந்து வளர்த்தெடுப்பதே சிறந்த வழி. திட்டு விழுந்த இலைகளை உள்ளே புழு இருப்பதைப் பார்த்துப் பறித்து, அடியில் மெல்லிய தாள் விரித்த மூடியுள்ள பெட்டியில் வைத்து, இலை அழுகாமலும் காயாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேவையானால் புதிய இலை சேர்க்கலாம். புழு இலைக்குள்ளோ தாளின் மடிப்பிலோ கூட்டுப்புழுவாகும். வெப்பத்தைப் பொறுத்துக் காலம் மாறும்: 27 பாகை செல்சியசில் முட்டை முதல் அந்து வரை ஏறக்குறைய 24 நாள் ஆகும், 14 பாகையில் 76 நாள் வரை நீளும், ஆகவே நம் கடற்கரைக் குளிர்காலத்திலும் பொறுத்திருந்தால் அந்து வெளிவரும். வெளிவந்ததை உடனே கொல்லாமல், இறகு நன்றாக விரிந்து உறைய ஒரு நாள் விட்டு, பின்பு பெட்டியோடு உறைபெட்டியில் ஓர் இரவு வைக்க வேண்டும். விரலால் தொடக் கூடாது; இறகின் செதில்கள் உதிர்ந்தால் பாதிச் சான்று போய்விடும். பஞ்சில் பொதிந்தாலும் கால்கள் சிக்கிச் செதில் உதிரும், ஆதலால் மெல்லிய தாளில் தளர்வாக மடித்துச் சிறு கெட்டிக் குப்பியில் இடுவது நல்லது. புழுக்கள் சிலவற்றை வன்மையான எத்தனாலில் போட்டு வைத்தால் மரபணு ஆய்வுக்கும் பயன்படும்.

குப்பியோடு சேர்ந்தே இருக்க வேண்டியது குறிச்சீட்டு. நாடு, மாகாணம், ஊர், முடிந்தால் அட்சரேகை தீர்க்கரேகை, இலை பறித்த நாள், அந்து வெளிவந்த நாள், எந்தச் செடி, எடுத்தவர் யார் என்பவற்றைப் பென்சிலால் எழுதி உள்ளேயே இட வேண்டும். எத்தனால் பட்டால் மை கரைந்துவிடும். செடியின் பெயர் மிகவும் இன்றியமையாதது. இப்பூச்சி தக்காளியை மட்டும் நம்பி வாழ்வதன்று. கத்தரியிலும் உருளையிலும் இருக்கும், கொல்லைப்புறத்தில் கீரைக்கென்று விட்டுவைக்கும் மணத்தக்காளியிலும் அதன் குடும்பத்துக் களைகளிலும் பிழைத்துக் கிடக்கும். தக்காளியைப் பிடுங்கி எரித்துவிட்டு வேலியோர மணத்தக்காளியைப் பார்க்காமல் விடுபவருக்கு அடுத்த பருவத்தில் அதே துன்பம் திரும்பும். எனவே மணத்தக்காளி இலையிலிருந்து வளர்த்தெடுத்த ஓர் அந்து, தக்காளியிலிருந்து எடுத்ததைவிட ஆய்வாளருக்கு மதிப்புள்ளதாக இருக்கலாம். உயிருள்ள புழுவை மட்டும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கோ வேறு ஊருக்கோ யாரும் கொண்டுசெல்லக் கூடாது; உறைய வைத்த பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அந்த மணம் ஆண் அந்துகளை மட்டுமே இழுக்கும், நெருங்கிய உறவுள்ள வேறு சிற்றினங்களும் சில சமயம் அதில் வந்து விழும். பசைத் தாளில் ஒட்டியதைப் பிய்த்தெடுத்தால் இறகும் வயிறும் சிதைந்துபோகும். அந்த இடத்தை மட்டும் தாளோடு வெட்டி எடுத்து, மற்றத் தாளின்மேல் படாதவாறு பெட்டியில் வைத்து, நாளையும் இடத்தையும் எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதை அறிந்தவர் பார்த்துக்கொள்வார். பொறியில் விழுந்தது எல்லாம் ஊசிப்புழு என்று எண்ணிக் கணக்கெழுதுவது சரியன்று. பொறி வைத்தே பூச்சியை ஒழித்துவிடலாம் என்று நம்புவதும் சரியன்று, ஏனெனில் ஆணோடு சேராமலே முட்டையிட்டுச் சந்ததி உண்டாக்கும் திறன் சில பெண் அந்துகளுக்கு இருப்பது ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டுள்ளது. பொறியின் முதல் பயன் எச்சரிக்கை.

கைப்பேசிப் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இளைஞர்கள் இப்பணிக்கு வருவது அந்த வழியாகத்தான். உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத் தளத்திலும், அந்துகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பதியும் தென் ஆப்பிரிக்காவின் லெப்பிமேப் திட்டத்திலும் படம் ஏற்றும் பழக்கம் பெருகியிருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அளவுகோல் அருகில் இல்லாமல், விளக்கொளியில் சுவரில் அமர்ந்த ஒரு சாம்பல் நிற அந்தின் படத்துக்கு இருவர் ஒரே பெயரைச் சொல்லிவிட்டார்கள் என்பதனால் அது உறுதியான பதிவாகிவிடாது. இலைத் திட்டு, உள்ளிருந்த புழு, அதன் கழுத்துத் தகடு, வளர்ந்த அந்தின் மேற்புறம், பக்கவாட்டு என வரிசையாக எடுத்த படங்களுக்கு வேறு மதிப்பு உண்டு. அவையும் இல்லாதபோது, கெலிச்சியிடே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. அவ்வாறு நிறுத்திய பதிவை நாளை ஒருவர் மேலே கொண்டுசெல்ல முடியும். துணிந்து எழுதிய தவறான பெயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அயல்நாட்டிலிருந்து வந்த அந்து என்றாலே பகை என்று கருதும் போக்கும் தங்கள் குறிப்பில் தென்பட்டது. சப்பாத்திக்கள்ளி பரவி மேய்ச்சல் நிலங்களை மூடியபோது, அதைத் தின்னும் காக்டோபிளாஸ்டிஸ் என்னும் தென் அமெரிக்க அந்தை 1933இல் அரசே இந்நாட்டில் விட்டது. நம் மாகாணத்திலேயே குரோமோலீனா என்னும் களையை அடக்குவதற்காக ஃபுளோரிடாவிலிருந்து பரியூக்கேட்டஸ் இன்சுலேட்டா என்ற அந்து 2001 முதல் விடப்பட்டு, தென்கரையில் நிலைத்திருக்கிறது. அதன் புழு குரோமோலீனா இலையைத் தின்பதைக் கண்டு மருந்தடிப்பவர் நமக்கு உதவ வந்ததையே கொல்கிறார். எது தானாக நுழைந்தது, எது வேண்டுமென்றே கொண்டுவரப்பட்டது, எது இம்மண்ணுக்கே உரியது என்று பிரிக்கவும் முதலில் சரியான பெயர் வேண்டும்.

ஊசிப்புழு உண்மையாகவே வந்திருந்தால் அது இலேசான செய்தியன்று என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு பெண் அந்து 260 முட்டை வரை இடும், ஆண்டுக்குப் பத்துக்கு மேற்பட்ட தலைமுறைகள் கூடும், கட்டுப்படுத்தாத வயலில் விளைச்சல் முழுவதுமே போய்விடலாம். பைரெத்ராய்டு வகை மருந்துகளுக்கும், பின்னர் வந்த டையமைடு வகைக்கும்கூடப் பல நாடுகளில் அது எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது. அத்தகைய பூச்சிக்கு எதிராகக் கைக்குக் கிடைத்த மருந்தை மீண்டும் மீண்டும் அடிப்பது எதிர்ப்பை வளர்க்கவே உதவும். எங்கே எவ்வளவு இருக்கிறது என்ற பதிவு கையில் இருந்தால், மருந்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்தவும், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் போன்ற நுண்ணுயிர் மருந்தை இளம்புழுப் பருவத்தில் தெளிக்கவும், பயிரில்லா இடைவெளி விடவும் ஒரு வட்டாரத்தார் சேர்ந்து திட்டமிட இயலும்.

இதில் நம்மவர்க்குத் தனிக் கடமையும் தகுதியும் உண்டு என்று கருதுகிறேன். 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களும் பின்வந்தவர்களும், கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் ஆற்றோரச் சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து, டர்பன் நகருக்குக் காய்கறி விளைவித்தார்கள். 1910இல் தொடங்கிய வார்விக் விடியற்காலைச் சந்தைக்கு மூன்று நான்கு தலைமுறையாகச் சரக்கு ஏற்றிச் செல்லும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. எந்தக் காற்றில் எந்தப் பூச்சி வரும், எந்த இலை முதலில் சுருளும் என்பது அவர்களுக்குத் தெரியும்; ஆனால் அந்த அறிவு நாளும் இடமும் சேர்த்து எங்கும் எழுதப்படவில்லை. குப்பியும் குறிச்சீட்டும் அவர்கள் கைக்குப் போனால் இவ்வட்டாரத்தைப் போல் நன்றாகப் பதிவான தக்காளி வட்டாரம் வேறொன்று இராது.

கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் இடமுண்டு. டர்பன் நகர மண்டபக் கட்டடத்திலேயே இயற்கை அறிவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலுள்ள குவாசூலு-நட்டால் அருங்காட்சியகம் ஈக்களின் சேகரிப்புக்குப் பெயர்பெற்றது. தங்கள் படத்திலுள்ள தடத்தை உண்டாக்கியது எந்த ஈ என்று அறிய அங்கே கேட்கலாம். அந்துகளுக்கு, அந்து ஆய்வாளர் ஆந்தோனி யான்சே தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த மாதிரிகள் உள்ள பிரிட்டோரியா டிட்சாங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், பயிர்ப்பூச்சிகளை அடையாளம் காணும் வேளாண் ஆராய்ச்சி மன்றத்தின் வகைப்பாட்டுப் பிரிவும் இருக்கின்றன. முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டே அனுப்ப வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. வெளிவந்த படம் ஈயின் தடத்தைக் காட்டுவது என்ற திருத்தத்தை, ஊசிப்புழுவின் திட்டுப் படத்தையும் அருகருகே இட்டு வெளியிடுங்கள். இனிப் பூச்சிச் செய்தி எதை வெளியிட்டாலும், எந்த நாள், எந்த ஊர், எந்தச் செடி, அடையாளம் கண்டவர் யார், மாதிரி எங்கே இருக்கிறது என்பவற்றை ஒரு வரியில் சேர்த்து அச்சிடுங்கள்; விடை இல்லாத இடத்தில் "உறுதிப்படவில்லை" என்றே போடுங்கள். வடகரையில் சித்திரைக்குப் பிறகு குளிர்காலத் தக்காளிக்கு நாற்று நடத் தொடங்குவார்கள். திருத்தம் அதற்கு முன்னால் வந்தால், நாற்று வாங்கும்போதே இலையைத் திருப்பிப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பிருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
வெருலம், குவாசூலு-நட்டால், தென் ஆப்பிரிக்கா